முக்காடிட்ட மலர்கள்



சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு திங்கட்கிழமைக் காலை, சபைகூடலுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் அனைவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றனர். எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்றே நாமும் எண்ணினோம். பள்ளித் தோட்டக்காரர் கூரைக்கு அடியிலும் கால்வாயிலும் தேடிப் பார்த்தார். எலி அகப்படவில்லை. சிற்றுண்டிச்சாலைக்குப் பின்புறம், பழைய பால்மரங்கள் நிற்கும் சரிவில்தான் நாற்றத்தின் பிறப்பிடம் தெரிந்தது. இலையில்லை, கிளையில்லை, வெறும் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு பூ நின்றது. ஓரம் சுருங்கிய அகன்ற மடல் ஒன்று கிண்ணம்போல் அதனைச் சூழ்ந்திருந்தது. நடுவில், சுருக்கங்கள் விழுந்த கருஞ்சிவப்பு உருண்டை ஒன்று பிள்ளைகளின் தலையளவுக்குப் பருத்திருந்தது. ஈக்களும் வண்டுகளும் அதனை மொய்த்துக்கொண்டிருந்தன.

அன்று மாலைக்குள் அதற்குப் ‘பேய்ப்பூ’ என்று பெயர் சூட்டப்பட்டுவிட்டது. மறுநாள் பெற்றோர் சிலர் நமது அலுவலகத்திற்கு வந்தனர். யாரோ ஏதோ புதைத்து வைத்திருக்கிறார்கள் என்றார் ஒருவர். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடலாம் என்றார் மற்றொருவர். பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று எல்லாரும் ஒரு குரலில் கூறினர். நமக்கும் அந்தச் செடி இன்னதென்று அப்பொழுது உறுதியாகத் தெரியாது. மூன்று நாள் பொறுத்திருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

மூன்று நாள் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் கொள்ளுப்பாட்டியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். பாட்டிக்கு வயது 88. அவர் பூவைப் பார்த்தார், சிரித்தார்.

“வாத்தியாரய்யா, இது பேயுமில்ல பிசாசுமில்ல. இது சேனை. இந்த எடத்துலதான் எங்க லயம் இருந்துச்சு. எங்கம்மா வச்ச கெழங்கு.”

பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் அந்த லயம் இடிக்கப்பட்டது. அங்கே குடியிருந்தோர் தாமானுக்கும் பட்டணத்துக்கும் பிரிந்து போயினர். பள்ளி எல்லைக்குள் இருந்த காரணத்தால் பதினொரு பால்மரங்கள் மட்டும் தப்பின. அவற்றின் நிழலில் ஒரு கிழங்கு இத்தனை ஆண்டுகள் ஒருவருக்கும் தெரியாமல் உயிர் வாழ்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் அதன் இலையை நாம் பார்த்திருக்கிறோம். களை என்று எண்ணி வெட்டச் சொல்லியும் இருக்கிறோம். வெட்டியது இலையைத்தான், கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது.

இனி இந்தப் பூவின் அமைப்பைக் காண்போம்.

தென்னம்பாளை வெடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தடித்த பாளை ஒன்று பூங்கொத்து முழுவதையும் மூடிக்கொண்டிருக்கும். காலம் வந்ததும் பிளந்து வழிவிடும். சேனையும் சேம்பும் சேர்ந்த குடும்பத்துச் செடிகளிலும் அத்தகைய பாளை உண்டு. ஆனால் இங்கே பாளை ஒரே மடலாக நின்று, நடுவிலுள்ள கதிரைச் சூழ்ந்துகொள்கிறது. சிலவற்றில் கிண்ணம்போலவும், சிலவற்றில் குழல்போலவும், இன்னும் சிலவற்றில் பெண்கள் தலையில் இட்ட முக்காடுபோல முன்பக்கம் கவிந்தும் இருக்கும். நாம் ‘ஒரு பூ’ என்று சொல்வது உண்மையில் ஒரு பூவன்று. நடுவிலுள்ள கதிரின்மீது நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கி ஒட்டியிருக்கின்றன. அடிப்பகுதியில் இருப்பவை பெண்பூக்கள். அவற்றுக்கு மேலே ஆண்பூக்கள். உச்சியில் இருப்பது பூக்களில்லாத வெறும் தண்டுப் பகுதி. சேனையில் அந்த உச்சிப் பகுதியே சுருங்கிய உருண்டையாகப் பருத்து நிற்கிறது.

ஆணும் பெண்ணும் ஒரே கதிரில் இருப்பதால் தன் மகரந்தம் தன்மேலேயே விழுந்துவிடாதா என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. முதல் நாள் பெண்பூக்கள் மட்டுமே முதிர்ந்திருக்கும். நாற்றம் வீசுவதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான். அழுகிய இறைச்சி என்று ஏமாந்து வரும் வண்டுகள், வேறொரு சேனைப் பூவில் தம் உடம்பில் ஒட்டிய மகரந்தத்தைக் கொண்டுவந்து இங்கே சேர்க்கின்றன. அடுத்த நாள் ஆண்பூக்கள் வெடித்து மகரந்தம் கொட்டும்பொழுது பெண்பூக்களின் காலம் முடிந்திருக்கும். மடலுக்குள் தங்கிய வண்டுகள் அந்த மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வேறு பூவைத் தேடிப் போகும். அருகில் வேறு பூ இல்லையேல் காய் பிடிப்பதில்லை. நமது சேனை அவ்வாண்டு தனியாகப் பூத்தது, காய்க்காமலே சாய்ந்தது.

இவ்வினப் பூக்களிடம் மற்றுமொரு விந்தை உண்டு. இவை சூடேறும். செடிக்கும் காய்ச்சல் வருமோ என்று சிரிக்க வேண்டாம். 1778ஆம் ஆண்டிலேயே இலாமார்க் என்னும் பிரெஞ்சு அறிஞர், இக்குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஐரோப்பியச் செடியின் பூ வெப்பம் உமிழ்வதைக் குறித்து எழுதினார். வட அமெரிக்காவில் சதுப்பு நிலத்தில் வளரும் முக்காட்டுப் பூ ஒன்று, குளிர்காலத்தின் முடிவில் தன்னைச் சுற்றியுள்ள பனியையே உருக்கிக்கொண்டு மேலே வருகிறது. சேனையில் சூடு எதற்கென்றால், நாற்றத்தை ஆவியாக்கித் தொலைவுக்கு அனுப்புவதற்கு. சாம்பிராணி தணலில் விழுந்தால்தானே மணக்கிறது! நமது பூவின் உருண்டையை அன்று மாலை வெப்பமானியால் அளந்தோம். சுற்றியிருந்த காற்றைவிட அது சில பாகை மிகுதியாகவே காட்டியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கையால் தொட்டுப் பார்த்தனர். முதல் நாள் ஓடியவர்களே அன்று முண்டியடித்தனர்.

அந்தச் சூட்டை மூட்டும் பொருள் எது என்பது 1987இல்தான் தெளிவாயிற்று. சேனைக்கு உறவான ஒரு செடியை ஆராய்ந்தவர்கள், சாலிசிலிக் அமிலமே பூவுக்குள் வெப்பத்தைத் தூண்டுகிறது என்று கண்டனர். தலைவலிக்கு நாம் விழுங்கும் ஆஸ்பிரின் மாத்திரையும் அந்த அமிலத்திலிருந்து பிறந்ததே. நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் மருந்தின் தாய்ப்பொருள் செடிக்குக் காய்ச்சலை உண்டாக்குகிறது.

பூ மூன்று நான்கு நாளில் வாடிவிட்டது. சில வாரம் கழித்து இலை வந்தது. சேனைக்கு ஒரு பருவத்தில் பெரும்பாலும் ஓர் இலைதான். தண்டு என்று நாம் நினைப்பது தண்டன்று, அந்த இலையின் காம்பு. அதன்மேல் பாம்பின் தோலைப்போல் வெண்புள்ளிகள் இருக்கும். உச்சியில் இலை மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் மேலும் பலவாகக் கிளைத்துக் குடையாக விரியும். இந்தக் குடை எட்டு ஒன்பது மாதம் வெயிலை வாங்கி உணவு சமைத்துக் கிழங்கில் சேர்த்துவிட்டு மஞ்சளாகிச் சாயும். பழைய கிழங்கு சுருங்கிப்போக, அதன் இடத்தில் புதுக் கிழங்கு உருவாகியிருக்கும். நமது பள்ளியில் கண்டவரை, பால்மரங்கள் இலையுதிர்க்கும் வறட்சிக் காலத்தில் சேனையும் மண்ணுக்குள் உறங்குகிறது. மரம் துளிர்க்கும் நேரத்தில் இதுவும் விழிக்கிறது. போதிய பருமன் சேர்ந்த கிழங்கு மட்டுமே பூக்கும். சிறு கிழங்குகள் பல ஆண்டுகள் இலை விட்டுக்கொண்டே இருக்கும்.

பாட்டியிடம் நாம் கேட்டறிந்ததையும் இங்கே எழுதியாக வேண்டும். கெமாஸுக்கு அருகில், கெமஞ்சே பாலத்தில், 1942 சனவரி 14ஆம் நாள் ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரை மறித்துப் போரிட்டதை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதன்பின் வந்த மூன்றரை ஆண்டுப் பசியை அவ்வளவு விரிவாக அவை கூறுவதில்லை. பாட்டியின் தந்தையாரைச் சயாம் - பர்மா இரயில் பாதை போடுவதற்குக் கொண்டு சென்றனர். அவர் திரும்பவில்லை. அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கைகொடுத்தன. அவையும் தீர்ந்த நாள்களில் அவருடைய தாயார் காட்டோரம் சென்று சேனையும் சேம்பும் தோண்டி வருவாராம்.

“புளி போட்டு ரெண்டு தண்ணி வடிச்சுத்தான் எங்களுக்குக் குடுக்கும். பசி தாங்காம ஒரு தண்ணியிலயே எடுத்துத் தின்னா நாக்கு தடிச்சு ரெண்டு நாளைக்குப் பேச்சு வராது. அம்மா எப்பவும் மொதல்ல தான் தின்னு பாக்கும். அப்புறமாத்தான் எங்களுக்கு.”

போர் முடிந்த பின்பு, இனி ஒரு நாளும் பிள்ளைகள் பட்டினி கிடக்கக்கூடாது என்று லயத்துப் பின்புறம் ஒரு கிழங்கை நட்டாராம் அந்த அம்மையார். அதன் வழிவந்ததுதான் நமது ‘பேய்ப்பூ’. இந்தச் செய்தியைச் சபைகூடலில் சொன்ன பிறகு மண்ணெண்ணெய் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நாக்கு தடிப்பது ஏன்? இச்செடிகளின் எல்லாப் பாகத்திலும் ஊசியைப்போல் கூரிய நுண்ணிய படிகங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கால்சியம் ஆக்சலேட் என்னும் பொருளால் ஆனவை அவை. பச்சையாகக் கடித்தால் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி எரிச்சலும் வீக்கமும் உண்டாக்கும். நமது தாய்மார்கள் சேனை நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும், புளியிலோ மோரிலோ வேக வைப்பதும் இதன் பொருட்டே. வீட்டில் கண்ணாடிப் புட்டியில் வளர்க்கும் மணி பிளாண்ட்டும், திருமண மேடையை அலங்கரிக்கும் ஆந்தூரியமும் இதே குடும்பத்தவை; அவற்றிலும் இந்த ஊசிகள் உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இதனை எழுதும்பொழுது நமது குற்றம் ஒன்றையும் மறைப்பதற்கில்லை. சேனையைச் சுற்றிக் கற்கள் அடுக்கிப் பெயர்ப்பலகை வைத்தோம். எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை. பாட்டி பச்சையாகத் தின்ற கதையைச் சொன்ன நாம், அதைக் கேட்டுக்கொண்டிருந்த சிறுவர்களின் மனத்தை எண்ணிப் பார்க்கவில்லை. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், தோழர்கள் பந்தயம் கட்டியதால், பக்கக் கிழங்கு ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். உதடு வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல் அவன் அழுத அழுகை இன்றும் நம் காதில் ஒலிக்கிறது. வாயைக் கொப்பளிக்கச் செய்து கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். மாலைக்குள் வீக்கம் வடிந்தது. அவன் தாயார் நம்மை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை; அது இன்னும் வேதனையாக இருந்தது. மறுநாளே வேலி போட்டோம். மூச்சுத் திணறினாலோ, தொண்டை வீங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நேரம் கடத்த வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வேலிக்குள் இப்பொழுது வேறு இரண்டு செடிகளும் சேர்ந்துள்ளன. ஒன்று மலாய்க்காரர்கள் ‘கெலாடி திகூஸ்’ என்று கூறும் எலிச்சேம்பு. ஒரு சாண் உயரமே இருக்கும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் தானே பரவும். வெளிறிய மடலுக்குள்ளிருந்து எலிவால்போல் நீண்ட கதிர் ஒன்று வெளிவரும். இதன் சாறு புற்றுநோயைத் தீர்க்கும் என்னும் பேச்சு நம் நாட்டில் நெடுநாளாக உலவுகிறது. ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்கள்மீது சோதனைகள் நடந்திருக்கின்றன; மனிதருக்கு நோய் தீர்க்கும் என்று மெய்ப்பிக்கப்படவில்லை. நமக்கு அறிமுகமான பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் இந்தச் சாற்றை நம்பி ஏழு மாதம் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தார். போனபொழுது மருத்துவர்கள் செய்வதற்கு அதிகம் மீதமிருக்கவில்லை. செடியைக் கேட்டு நம்மிடம் வருவோர்க்குப் பூவைப் பார்க்கவே தருகிறோம் என்று சொல்லித்தான் தருகிறோம்.

மற்றொன்று வௌவால் பூ. இது சேம்புக் குடும்பமன்று. எனினும் முக்காட்டில் இதற்கு இணையில்லை. மேலே இரண்டு வெண்மடல்கள் வௌவாலின் செவிபோல் நிமிர்ந்து நிற்கும். கீழே கருநீலப் பூக்கள். அவற்றினிடையே மீசை மீசையாக நீண்ட இழைகள் தொங்கும். நம் நாட்டுத் தாழ்நிலக் காடுகளில் வளரும் செடி. வெயில் நேராகப் பட்டால் இலை கருகிவிடும். கெமாஸின் வெயில் எத்தகையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே மரத்தடியில், மட்கிய இலைக்குழியில், நாள்தோறும் சிறிது நீர் தெளித்து வளர்க்கிறோம். இதன் கருமை ஈக்களைக் கவர்வதற்கே என்று முன்பு கருதினர். ஆனால் இதன் கரிய உறவுச் செடியைச் சீனாவின் யுனான் காடுகளில் ஆராய்ந்தவர்கள், அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கிறது என்று 2005இல் வெளியிட்டனர். இவ்வளவு மீசையும் யாருக்காக என்பது இன்னும் புதிர்தான்.

உண்மையான முக்காட்டுப் பூவைக் காண வேண்டுமாயின் தமிழகத்தின் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ செல்ல வேண்டும். அங்குள்ள சோலைக் காடுகளில், மழைக்காலத்தில், நாகம் படமெடுத்தாற்போல் மடல் கவிந்த ‘அரிசீமா’ என்னும் செடிகள் முளைக்கின்றன. இவ்வினத்தில் பல செடிகள் இளமையில் ஆணாகவும், கிழங்கு பருத்த பின் பெண்ணாகவும் மாறுகின்றன. உணவு குறைந்த ஆண்டில் மீண்டும் ஆணாகிவிடுவதும் உண்டு. காய்த்துப் பழுப்பதற்குச் செலவு மிகுதி அல்லவா? கையிருப்பைப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறது செடி. ஆண்செடியின் மடலில் அடியில் சிறு இடைவெளி இருக்கும்; உள்ளே விழுந்த கொசு போன்ற சிறு பூச்சி மகரந்தத்தோடு அதன் வழியே தப்பிவிடும். பெண்செடியின் மடலில் அந்த வழி இல்லை. மகரந்தத்தைக் கொடுத்துவிட்டுப் பூச்சி உள்ளேயே மடிகிறது. ஜப்பானியரும் ஆங்கிலேயரும் இவற்றை மரநிழல் தோட்டங்களில் விரும்பி வளர்க்கின்றனர். மலைக்குளிர் வேண்டுவதால் நமக்கு இவை வாய்ப்பதில்லை.

குளிர் வேண்டாத பெரிய உறவு ஒன்று மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்திராக் காட்டில் இருக்கிறது. இத்தாலியரான பெக்காரி 1878இல் அதனைக் கண்டார். 1889இல் இலண்டன் கியூ தோட்டத்தில் அது பூத்தது. ஆள் உயரத்தையும் கடந்து மூன்று மீட்டர் வரை எழக்கூடிய பூ. கிழங்கு 100 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. பிணநாற்றத்தில் நமது சேனைக்கு அண்ணன்.

இனி வளர்க்கும் முறை. மாசி மாதத்தில் கிழங்கைத் தோண்டி, அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை எடையுள்ள துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையின் ஒரு பகுதி இருத்தல் அவசியம். முளையில்லாத துண்டு தாமதமாகவே துளிர்க்கும். வெட்டிய துண்டுகளைச் சாணக்கரைசலில் தோய்த்து நிழலில் உலர்த்துக. இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள குழியெடுத்து, மேல்மண்ணும் மட்கிய மாட்டெருவும் சாம்பலும் கலந்து நிரப்பி, முளை மேல்நோக்கி இருக்குமாறு நட வேண்டும். குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி போதும். மேலே உதிர்ந்த இலைகளைத் தடிப்பாகப் பரப்பிவிட்டால் ஈரம் காக்கும், களையும் குறையும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஆதலால் நமது செம்மண்ணில் சரிவான இடமே நல்லது. அடர்ந்த நிழலும் ஆகாது. காலை வெயில் சற்று விழும் பால்மர நிழல் பொருத்தமாக இருக்கிறது. முதிர்ந்த செம்பனையின் அடியில் முயன்று பார்த்தோம், இலை மெலிந்தே வந்தது. உண்பதற்கு வேண்டுமாயின் இலை சாய்ந்ததும் தோண்டலாம். பூ வேண்டுமாயின் தோண்டாமல் விட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் 1963இல் நிறுவப்பட்ட கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் முயற்சியால் இந்தியாவில் அரிப்புக் குறைந்த சேனை வகைகள் இன்று பயிராகின்றன. நம்முடையது பழைய வகை, நன்றாகவே அரிக்கும்.

காட்டுப்பன்றிதான் நமக்கு முதற்பகை. இரண்டு குழிகளை ஒரே இரவில் தோண்டிப் போட்டுவிட்டது. தோட்டத்து ஸ்டோரிலிருந்து பழைய துத்தநாகத் தகடுகள் கொடுத்து உதவியோர்க்கு நன்றி.

இவ்வாண்டு மாசியில் வெட்டிய துண்டுகள் பதினான்கு. நான்கை மீண்டும் அதே சரிவில் நட்டோம். ஒன்றைப் பாட்டி கேட்டு வாங்கித் தாமான் வீட்டு வாசலில், பிளாஸ்டிக் தொட்டியில் வைத்திருக்கிறார். மீதமுள்ளவை பால்மரத்தடியில் மணலில் புதைக்கப்பட்டுள்ளன. முன்பு அந்த லயத்தில் குடியிருந்த குடும்பத்தார் எவரேனும் விரும்பினால், பள்ளி நேரத்தில் அலுவலகத்திற்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். வரும்பொழுது ஒரு சாக்குப்பை கொண்டு வரவும், கை அரிக்கும்.